கதையில் ஒருவர் செத்தால்

"அக்கா, பாட்டி செத்துப்போறா. பேத்தி மட்டும் பிணத்தோட பேசிக்கிட்டே இருக்கா. பத்தாவது படிக்கிற பொண்ணு எழுதுற கதையா இது?" பக்கத்து வீட்டுக்காரம்மா தன் மகளின் நோட்டை நீட்டினார். நல்லதாக வேறு ஏதாவது எழுதச் சொல்லிப் பள்ளியிலும் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

படித்தேன். பாட்டியை வைத்து மூடிய பையின் ஜிப் ஏறும் சத்தத்துக்கு அந்தப் பெண் ஒரு பத்தி முழுவதும் கொடுத்திருந்தாள். அருமையான பத்தி.

எங்கிருந்து வருகிறது இதெல்லாம் என்று பெரியவர்கள் கேட்கிறோம். இந்தப் பெங்களூரிலிருந்துதான் வருகிறது. 2021 ஏப்ரல், மே மாதங்களில், கொரோனா அலையின்போது, சுமனஹள்ளி மின்மயானத்துக்கு வெளியே ஆம்புலன்ஸ்கள் வரிசையில் காத்து நின்றன. இடம் போதாமல் தாவரெகெரே பக்கம் திறந்தவெளியில் சிதைகள் எரிந்தன. அன்றைக்குப் பத்து வயதுப் பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லிவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டோம். அவர்கள் காதில் எல்லாம் விழுந்தது. அதற்கும் முன்னால் பெல்லந்தூர் ஏரியின் நுரை பற்றி எரிந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். தண்ணீர்மேல் தீயைக் கண்ட பிள்ளை அதை எழுதாமல் எப்படி இருக்கும்?

பட்டதை எழுதுவது புதிதல்ல. மேரி ஷெல்லி 1816இல் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலை எழுதத் தொடங்கியபோது அவருக்கு 18 வயது. முந்தைய ஆண்டுதான் முதல் குழந்தையை, அது பிறந்த சில நாட்களிலேயே, பறிகொடுத்திருந்தார். செத்த உடலுக்கு உயிர் வருகிற கதையை அவர் எழுதியதில் எனக்கு வியப்பில்லை.

ஆனாலும் அந்தத் தாயின் பயத்தை நான் ஒதுக்க மாட்டேன். கவிஞர் ஆத்மாநாம் 1984இல், 33 வயதில், இதே ஊரில்தான் தன்னை மாய்த்துக்கொண்டார். பிறகு வந்த வாசகர்கள் அவர் கவிதைகளில் சாவின் தடத்தைத் தேடினோம். ரோஜாப் பதியன்களைப் பார்க்கப் போகிற ஆசையையும் அதே மனிதர்தான் எழுதினார். எழுத்தை மட்டும் வைத்து எழுதியவரின் மனநிலையைச் சொல்லிவிட முடியாது; இருட்டை எழுதுகிற பிள்ளை நன்றாக இருக்கலாம், வெளிச்சமாக எழுதுகிற பிள்ளை உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

அதனால் நோட்டைப் பிடுங்குவதை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். பிடுங்கினால் பிள்ளை ஒளித்து எழுதும். உதவி வேண்டி எழுதுகிற பிள்ளையின் எழுத்தும் நம் கண்ணில் படாமல் போகும். முதலில் கதையைக் கதையாகப் படித்து, அதைப் பற்றி அவளிடம் பேசவேண்டும். பிறகு அவளைப் பார்க்கவேண்டும்: தூக்கம் கெட்டிருக்கிறதா, சாப்பாடு இறங்குகிறதா, சிநேகிதிகளை விட்டு விலகுகிறாளா, உயிராக வைத்திருந்த பொருட்களை யாருக்காவது தூக்கிக் கொடுக்கிறாளா? சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல், "சாகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது என்று மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கதைக்குள் யாரோ அவளைத் தொட்டுத் துன்புறுத்திய செய்தி இருந்தால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

சாகத் தோன்றுகிறதா என்ற கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வந்தால் திட்டவோ அழவோ வேண்டாம், அவளைத் தனியே விடவும் வேண்டாம். ஓசூர் சாலை நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இந்த ஊரில்தான் இருக்கிறது. அங்கே போகும்வரை காத்திருக்க முடியாத இரவென்றால், 2022 முதல் நடக்கும் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணை எந்த நேரமும் காசில்லாமல் அழைக்கலாம். தமிழிலும் கன்னடத்திலும் பேசுவார்கள்.