வெண்புகையும் ஒரு தவறான அனுமானமும்

மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாட வீதிகளில் பஜனைக் கோஷ்டிகள் வலம் வரும். சென்ற மார்கழியில் எங்கள் சந்தில் அந்தப் பாட்டுக்குப் போட்டியாக இன்னொரு ஓசையும் கேட்டது. என் பழைய டீசல் காரின் செல்ஃப் மோட்டார் அரை நிமிடம், முக்கால் நிமிடம் என்று இழுத்து அலறும் ஓசை அது. எதிர்வீட்டு மாமி ஒருநாள் கோலப்பொடியுடன் நிமிர்ந்து பார்த்து, "ஏன் சார், அதுக்கும் குளிர்றதா?" என்று கேட்டார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சென்னையின் குளிர் எவ்வளவு? மார்கழி விடியலில்கூட வெப்பமானி பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். டில்லிக்காரர் கேட்டால் சிரிப்பார். டீசல் வண்டிக்குக் குளிர் என்பது ஊரின் குளிரன்று, இரவெல்லாம் ஆறிக்கிடந்த இரும்பின் குளிர் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

ருடால்ப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறிக்கு வேலையே இல்லை. காற்றை இறுக்கினால் அது சுடும். அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீய்ச்சினால் அதுவே பற்றிக்கொள்ளும். என்னுடையதைப் போன்ற பழைய கார்களில் எண்ணெய் நேரே சிலிண்டருக்குள் விழாமல் ஒரு சிற்றறைக்குள் பாயும். ஆறிய நிலையில் அவ்வறையின் சுவர்களே காற்றின் சூட்டைக் குடித்துவிடுவதால், ஒவ்வொரு அறையிலும் ஒரு ஹீட்டர் பிளக் வைத்திருப்பார்கள். சாவியைத் திருப்பியதும் முகப்பில் சுருள் வடிவ விளக்கு எரிந்து அணைவது அதன் பொருட்டே.

இவ்வளவும் படித்த பிறகு நான் வைத்தியனாகிவிட்டேன். வண்டி முக்கி முனகி உயிர்பெறும் தருணத்தில் சைலன்சரிலிருந்து வெண்புகை குபுக்கென்று வந்ததைக் கண்டேன். வெண்புகை என்றால் எரியாத எண்ணெய். எரியவில்லை என்றால் சூடு போதவில்லை. சூடு போதவில்லை என்றால் ஹீட்டர் பிளக். தியாகராய நகரில் ஒரு குறுகிய சந்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போய் நான்கையும் மாற்றச் சொன்னேன். டீசல் அம்பாசடர் டாக்சிகளில் தொழில் கற்றவர் அவர். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபின் சிறிய டீசல் கார்கள் சந்தையிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டன. பழைய வண்டியின் மொழி தெரிந்தவர்களும் அவர்களோடு குறைந்து வருகிறார்கள்.

சோதனை விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுதான் சார் போயிருக்கு. ஒண்ணு போனதுக்கு இவ்ளோ தகராறு பண்ணாதே" என்றார். நான் விடவில்லை. நான்கும் மாற்றப்பட்டன.

மறுநாள் விடியலில் அதே அலறல், அதே வெண்புகை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பட்டறைக்கு ஓட்டிச் சென்றேன். அங்கே போவதற்குள் எஞ்சின் சூடாகிவிடுமாதலால் வண்டி அவர் முன்னால் சமர்த்தாகக் கிளம்பியது. அவமானமும் சேர்ந்துகொள்ள, வாயில் வரக்கூடாத சொல் வந்தது: "பழசையே துடைச்சுத் திரும்பப் போட்டுட்டீங்களா?"

அவருடைய பையன் ஒருவனும் வாடிக்கையாளர் இருவரும் நின்றிருந்தார்கள். அவர் மறுத்துப் பேசவில்லை. கையைத் துணியில் துடைத்தபடி, "நாளைக்குக் காலைல நான் வர்ற வரைக்கும் வண்டியத் தொடாதீங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

ஐந்தரை மணிக்கு டிவிஎஸ் 50இல் வந்தார். பானெட்டைத் திறக்கவில்லை. என்னைச் சாவி போடச் சொல்லிவிட்டு, வண்டியின் பின்னால் போய்ச் சைலன்சருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். "அடிங்க." அடித்தேன். "செல்ஃப் நல்லா சுத்துது, பேட்டரி சரி. இப்ப இங்க வந்து பாருங்க" என்று என்னை அழைத்துவிட்டு, பையனைச் சாவி திருப்பச் சொன்னார். எஞ்சின் சுழன்றுகொண்டே இருந்தது. சைலன்சரில் புகையே இல்லை.

"சூடு பத்தலைன்னா முதல் சுத்துலேர்ந்தே வெள்ளையா கக்கும். இதுல ஒண்ணுமே வரலை. டீசலே போகலை சார். கடைசில தத்தித் தத்தி வந்து சேருறப்பதான் நீங்க பார்த்த புகை." பிறகு கேட்டார்: "எங்கயாவது ராத்திரி நின்னுட்டுக் காலைல ஒழுங்கா ஸ்டார்ட் ஆகுதா?"

யோசித்தேன். ஆம். அடையாற்றில் அக்கா வீட்டில் தங்கும் நாட்களில் ஒரே அடியில் கிளம்பும். ஆற்றங்கரைக் காற்றுக்கு அங்கே இன்னும் குளிர் அதிகம் என்பதால் எனக்கே அது புதிராகத்தான் இருந்தது.

"அங்க எப்படி நிறுத்துவீங்க?"

அடித்தள நிறுத்துமிடத்துக்கு இறங்கும் சரிவில், முகம் கீழ்நோக்கி. வண்டி நின்ற இடத்தில் டீசல் வாடை அடிக்கிறதென்று அக்கா குறைப்பட்டுக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. சொன்னதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. சமதளத்தில் டேங்க் பம்பைவிடத் தாழ்ந்திருக்கும். குழாயில் எங்காவது மயிரிழை வெடிப்பிருந்தால் இரவில் அதன்வழி காற்று புகும், எண்ணெய் டேங்குக்கே திரும்பிவிடும். சரிவிலோ டேங்க் உயர்ந்துவிடும்; காற்று உள்ளே புகாது, எண்ணெய்தான் வெளியே கசியும். ஃபில்டரின் தலையிலிருந்த கைப்பம்பைப் பத்துப் பன்னிரண்டு முறை அழுத்திவிட்டு, "இப்ப அடிங்க" என்றார். உடனே கிளம்பியது. ஃபில்டருக்கு வரும் ரப்பர் குழாயின் வாயில், கிளிப்புக்கு அடியில் இருந்தது வெடிப்பு. ஒரு முழம் குழாய், இரண்டு கிளிப். அவ்வளவுதான் நோய்.

முதுகலை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் மணிமேகலை நடத்துகிறேன். உ.வே.சாமிநாதையர் 1898இல் பதிப்பித்த அந்நூலின் 29ஆம் காதையில் அறவண அடிகள் காஞ்சியில் அளவை நூல் போதிக்கிறார். மலையில் புகை கண்டு நெருப்பை அனுமானிக்கும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு அங்கு உண்டு. அதைவிட முக்கியமாக, ஏதுப் போலிகளின் வரிசையில் ஒரு பிழையையும் சாத்தனார் சொல்கிறார்: கண்ணில் பட்டது ஆவியா பனியா என்ற ஐயம் தீராமலே, அதைப் புகையென்று கொண்டு நெருப்புண்டெனத் துணிவது. கரும்பலகையில் அதை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். என் சந்தில், என் வண்டியின் பின்னால் வந்த ஒரு வெண்படலத்தை வைத்து ஹீட்டர் பிளக்கின் மரணத்தைத் துணிந்தேன். அது பொய்த்தபோது, அதே வேகத்தில் ஒரு மனிதரின் நேர்மையின்மையையும் துணிந்தேன். முதல் பிழைக்கு ஆன செலவு சில ஆயிரம். இரண்டாவதற்கு விலை சொல்லத் தெரியவில்லை.

கிளம்பும் முன் அவர் முன்கதவைத் திறந்து டேஷ்போர்டு அறையைக் காட்டினார். உள்ளே நாளிதழ்த் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் நான்கு பழைய ஹீட்டர் பிளக்குகள். ஒன்றின் முனை கருகித் தேய்ந்திருந்தது. "மாத்தின அன்னிக்கே வெச்சேன் சார். பழசக் கஸ்டமர்கிட்டயே குடுத்துடறது நம்ம பழக்கம்."

அவற்றை மூன்று நாளாக நான் என் முழங்காலுக்கு எதிரிலேயே வைத்து ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பட்டறையில் கத்தியபோதும் அவை அங்கேதான் இருந்தன. அவரும் அன்று எடுத்துக் காட்டி என்னைத் தலைகுனிய வைத்திருக்கலாம்.

குழாய்க்கும் கிளிப்புக்கும் மட்டும் பணம் வாங்கிக்கொண்டு போனார். அன்றே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "தேங்க்ஸ்" என்று மட்டும்தான் சொன்னேன். தியாகராய நகருக்குப் போய், அதே பையன் முன்னிலையில் அதைச் சொல்ல எனக்கு மேலும் இரண்டு நாட்கள் ஆயின.