தரகனில்லாப் பணம்

ஈப்போ நகரின் விளிம்பில், புந்தோங்கை அடுத்துக் கிடப்பது சிலிபின். லூர்து மாதா தேவாலயத்தால் அவ்வூரை அறிந்தவர் சிலர். புந்தோங்கின் கச்சான் பூத்தே வாங்கப் போகும் வழியில் அதைக் கடந்தவர் பலர். தோட்டம் துண்டானபோதும் ஈயச் சுரங்கம் மூடப்பட்டபோதும் போக்கிடமின்றி நகரை நோக்கி நடந்த தமிழ்க் குடும்பங்கள் பல இத்தகைய பகுதிகளிலேயே குடியமர்ந்தன. அப்படி வந்தவர்களுள் ஒருவர், எழுபது வயதைத் தாண்டிய முதியவர். அவருடைய வீட்டு முன்தாழ்வாரத்தில், 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்து மாலையொன்றில், ஒரு வழக்கு நடந்தது. வழக்காடியோர் இருவர்: முதியவர் ஒருவர், அவருடைய தங்கை மகன் மற்றொருவர். தங்கை மகன் தாசேக் தொழிற்பேட்டையில் ஆலைத் தொழிலாளி. வழக்கின் பொருளோ பணம். அதுவும் கையால் தொட இயலாத பணம்.

பெருந்தொற்றுக் காலத்தின் இடர் தீராத அவ்வாண்டில், ஐம்பத்தைந்து வயதுக்குட்பட்டோர் தம் ஊழியர் சேமநிதியிலிருந்து பத்தாயிரம் வெள்ளி வரை எடுத்துக்கொள்ள அரசு இசைவளித்திருந்தது. மருமகன் எடுத்துவிட்டார். எடுத்த பணம் முழுவதையும் ஒரு புதிய நாணயத்தில் இட்டுவிட்டார். இப்போது மாமனிடம் ஐயாயிரம் கேட்டு வந்திருந்தார். பேத்தியின் மேற்படிப்புக்காக முதியவர் சேர்த்து வைத்திருந்த தொகை அது.

“மாமா, இதில் நடுவிலே ஆள் கிடையாது. பேங்கு கிடையாது, தரகன் கிடையாது. நமக்கும் பணத்துக்கும் நேரடி உறவு. காலமெல்லாம் நடுவிலே நின்றவன்தானே நம்மைத் தின்றான்?”

இறுதி வாக்கியம் முதியவரின் நெஞ்சைத் தொட்டது. அஃது உண்மையாகவும் இருந்தது.

மருமகன் கூறியது அவராகக் கற்பனை செய்துகொண்டதும் அன்று. 2008ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், சத்தோஷி நாகமோத்தோ என்னும் புனைபெயரில் வெளிவந்த சிறு கட்டுரை ஒன்று, வங்கியின் துணையின்றி ஒருவர் மற்றொருவருக்கு நேரே பணம் அனுப்பும் வழியை விளக்கியது. உலகின் பெருவங்கிகள் சில சரிந்தும் சில அரசுப் பணத்தால் தாங்கப்பட்டும் நின்ற காலம் அது. 2009ஆம் ஆண்டு ஜனவரியில் பிட்காயின் என்னும் நாணயம் அவ்வழியில் பிறந்தது. அதன் அடிப்படைக் கருத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. கடைக்காரரின் கணக்கேடு கடைக்காரரிடம் மட்டுமே இருந்தால் அவர் எழுதியதே கணக்கு. அதே ஏட்டின் படி ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டிலும் இருந்து, ஒரு வரி ஏறும்போது எல்லா ஏடுகளிலும் ஒருசேர ஏறுமாயின், எவர் திருத்தினாலும் அகப்பட்டுக்கொள்வார். ஊர் முழுதும் காக்கும் ஏட்டுக்குக் கணக்கப்பிள்ளை வேண்டியதில்லை. உலகெங்கும் பரந்த கணிப்பொறிகள் அவ்வேட்டைக் காக்கின்றன. ஏறத்தாழப் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு புதிய பக்கம் சேர்கிறது. அப்பக்கத்தை முதலில் முடிக்கும் கணிப்பொறிக்குப் புதிய நாணயம் பரிசாகிறது. தொடக்கத்தில் ஐம்பதாக இருந்த பரிசு, படிப்படியாகப் பாதியாகிப் பாதியாகி, 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் 3.125 ஆயிற்று. மொத்த நாணயம் 2 கோடியே 10 இலட்சத்தை ஒருபோதும் தாண்டாது. இவ்வாறு நாணயம் பெறும் முயற்சிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘சுரங்கத் தொழில்’ என்பது.

கிந்தாப் பள்ளத்தாக்கில் பிறந்தவருக்கு அச்சொல் வேறு பொருளைத் தரும். முதியவர் தம் இளமையைத் தஞ்சோங் துவாலாங் வட்டாரத்தில், குளத்தில் மிதந்தபடி மண்ணை வாரி ஈயத்தைப் பிரிக்கும் பெருங்கப்பலொன்றில் கழித்தவர். (1938இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்த அத்தகைய கப்பல் ஒன்று இன்றும் அப்பக்கத்தில் காட்சிப் பொருளாக நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் அதன் வாளிச் சங்கிலியைக் காட்டுகிறார்களே தவிர, அதில் இரவுப் பணி செய்தவரின் காது என்ன ஆயிற்று என்பதைச் சொல்வதில்லை.) மண்ணை வாரினால் ஈயம் வரும், ஈயம் வந்தால் கூலி வரும். விலையை எங்கோ இலண்டனில் எவரோ உரைப்பர். அந்த விலை 1980களின் தொடக்கத்தில் உயர்ந்தே நின்றது. அனைத்துலக ஈய மன்றம் சேமிப்புக் கிடங்கில் ஈயத்தை வாங்கி வாங்கி அடுக்கி விலையைத் தாங்கிக்கொண்டிருந்தது. 1981-82இல் சந்தையில் மறைவாக ஈயத்தை வாங்கிக் குவித்தவர் எவர் என்ற புதிருக்கு விடை, மாமின்கோ என்னும் மலேசிய அரசுசார் நிறுவனம் என்பதாகப் பின்னர் 1986இல் வெளியாயிற்று. 1985ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் மன்றத்தின் கையிருப்புத் தீர்ந்தது. இலண்டன் உலோகச் சந்தை ஈய வாணிகத்தை நிறுத்தியது. பின்பு விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. பேராக்கில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. மண்ணில் ஈயம் இருந்தது. கையில் தொழிலும் இருந்தது. விலை மட்டும் இல்லை. முப்பத்து நான்கு வயதில் அவர் ஆலைக் காவலராகச் சேர்ந்தார்.

அதற்கும் முன்பு ஓர் இழப்பு உண்டு. அவர் பிறந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில். 1950களிலிருந்து ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தலைப்பட்டனர். முழுத் தோட்டத்தை ஒருவர் வாங்குவார். அதைத் துண்டு துண்டாக்கிப் பலருக்குக் கூடிய விலையில் விற்பார். இடையில் நின்ற தரகர்களுக்கு ஒவ்வொரு துண்டிலும் பங்கு உண்டு. பால்மரம் வெட்டியவருக்கோ வேலையும் லயத்து வீடும் ஒரே நாளில் போயின. இத்துண்டாடலைக் குறித்துப் பேராசிரியர் உங்கு அஜீஸ் விரிவான ஆய்வறிக்கையே எழுதினார். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவரும் அந்நாளைய அமைச்சருமான வீ. தி. சம்பந்தன், தரகனுக்குப் போகும் தோட்டத்தைத் தொழிலாளியே ஏன் வாங்கலாகாது என்று வினவி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நூறு வெள்ளிப் பங்கு. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அச்சங்கத்தின் முதல் உடைமை ஆயிற்று. முதியவரின் தந்தையும் பத்துப் பத்தாகக் கட்டியவர்தாம். ஆயினும் அவர் வெட்டிய தோட்டத்தைக் காக்கும் முன்னரே அது கைமாறிவிட்டது.

ஆகவே தரகன் என்ற சொல்லுக்கு அவ்வீட்டில் நீண்ட வரலாறு இருந்தது. கப்பலேற்றிக் கொணர்ந்த கங்காணி, தம்மால் வந்த ஆட்கள் வேலைக்கு இறங்கிய நாளெல்லாம் தலைக்காசு பெற்றார். 1930களில் ரப்பர் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டப்பட்டபோது சிறுதோட்டக்காரருக்குக் கூப்பன்கள் வழங்கப்பட்டன. அக்காகிதத் துண்டுகளே சந்தைப் பொருளாகி, ஒரு துளிப் பாலும் வடிக்காதவர் கையில் இலாபம் ஈட்டின. மரத்தைவிட அதன் பெயரெழுதிய காகிதம் மதிப்புப் பெறுவது இந்நாட்டுத் தமிழருக்குப் புதிதன்று.

எனினும் நடுவில் நின்றவர் யாவரும் கொடியவர் என்று அவர் சொன்னதில்லை. மழைக்காலத்தில் பால் வெட்டு இல்லாத வாரங்களில் அரிசியைக் கடனுக்கு அளந்தவரும் நடுவில் நின்ற கடைக்காரரே. மறைந்த அவர் மனைவியும் ஒருவகையில் நடுவில் நின்றவரே. பதின்மர் மாதம் நூறு வெள்ளி போட்டு, முறை வைத்து ஆயிரத்தை எடுக்கும் ‘கூட்டு’ ஒன்றை அவ்வம்மையார் அக்கம்பக்கத்துப் பெண்களிடையே நடத்தி வந்தார். கூட்டு நிதித் தொழிலை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்ததை அறிந்தவரா அறியாதவரா, அது வேறு செய்தி. ஒருத்தி எடுத்துவிட்டு ஓடியபோது, தம் தாலிக்கொடியை அடகு வைத்து மற்றவர்களுக்குக் கட்டினார் என்பதே தெருவினர் நினைவில் நிற்பது. தரகு என்பது நம்பிக்கையை விற்கும் தொழில். விற்பவரின் வீடு எது என்பது வாங்குபவருக்குத் தெரிந்திருந்தது.

தரகனை ஒழிக்கவென்று பிறந்த நாணயத்தின் கதை இவ்விடத்தில்தான் திரும்புகிறது. ஊர்முழுதும் காக்கும் ஏடு நன்று. ஆனால் அவ்வேட்டைத் தாமே படிக்கவும் தம் மறைச்சாவியைத் தாமே காக்கவும் எளிய மனிதருக்கு நேரமுமில்லை, பயிற்சியுமில்லை. சாவியைத் தொலைத்தவருக்கு மீட்டுத் தர எவருமில்லை. எனவே வாங்கித் தரவும் காத்துத் தரவும் புதிய தரகர்கள் தோன்றினர். தோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் மாற்றகம் 2014இல் நொடித்தபோது ஏறத்தாழ 8,50,000 பிட்காயின்களைக் காணவில்லை என்றனர். உலகின் முன்னணி மாற்றகங்களுள் ஒன்றான எஃப்.டி.எக்ஸ். 2022 நவம்பரில் வீழ்ந்தது. அதன் தலைவருக்கு 2024இல் அமெரிக்க நீதிமன்றம் இருபத்தைந்தாண்டுச் சிறை விதித்தது. முந்தைய ஆண்டு நவம்பரில் 69,000 டாலரை எட்டிய பிட்காயின் அம்மாதத்தில் 16,000க்கும் கீழே இறங்கியது. ஏட்டில் ஒரு வரியும் பிழையில்லை. பிழை முழுதும் ஏட்டுக்கும் மனிதருக்கும் நடுவில் அமர்ந்திருந்தவரிடமே இருந்தது.

மலேசிய அரசு இதனைக் கண்டு வாளாவிருந்ததாகச் சொல்லவியலாது. 2019ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் முதல் இத்தகைய நாணயங்கள் பங்குப்பத்திரச் சட்டத்தின் வரம்புக்குள் கொணரப்பட்டன. பங்குப்பத்திர ஆணையத்தில் பதிவு பெற்ற மாற்றகங்கள் மட்டுமே தொழில் நடத்தலாம். ஆயினும் இவை சட்டமுறைச் செலாவணி அல்ல என்பது பேங்க் நெகாராவின் நிலை. மின்சாரத்தைத் திருடி நாணயம் அகழ்ந்தவர்களிடமிருந்து கைப்பற்றிய 1,069 கணிப்பொறிகளைச் சரவாக்கின் மீரி நகரில் 2021இல் சாலை உருளையால் நசுக்கிய காட்சியை நாடே கண்டது.

மருமகனின் நாணயமோ பிட்காயினும் அன்று. ஆணையத்தின் பட்டியலில் உள்ள மாற்றகத்தில் வாங்கியதும் அன்று. அதன் விலை அதை விற்றவரின் செயலி ஒன்றில் மட்டுமே தெரிந்தது. அதன் ஏடு அவர்களுடைய கணிப்பொறியில் மட்டுமே இருந்தது. புதிதாக ஒருவரைச் சேர்த்தால் சேர்த்தவருக்குப் பங்கு. அவர் மற்றொருவரைச் சேர்த்தால் அதிலும் ஒரு பங்கு. 1980களில் தைப்பிங்கில் தொடங்கிப் பல்லாயிரவர் பணத்தை விழுங்கிய ‘பாக் மான் தெலோ’ திட்டத்தைக் கண்டவருக்கு இதன் முகம் புதிதாயிராது. பின்வந்தவன் பணமே முன்வந்தவனுக்கு இலாபம். ஊர் ஏடு என்ற உயர்ந்த கருத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டு, தனியொருவன் ஏடே மீண்டும் வந்து நின்றது.

முதியவருக்கு இந்நுணுக்கம் ஏதும் தெரியாது. அவர் ஒன்றே கேட்டார்.

“மாப்பிள்ளை, நாளைக்கு எனக்குப் பணம் வேண்டுமென்றால் எந்தக் கதவைத் தட்டுவது?”

“எந்தக் கதவும் தட்ட வேண்டாம் மாமா. இந்தப் பொத்தானை அழுத்தினால் போதும்.”

“பொத்தான் திறக்கவில்லை என்றால்?”

மருமகன் சிரித்தார். பின்பு, “என் கதவைத் தட்டுங்கள்” என்றார்.

அச்சொல்லுக்காகவே முதியவர் மூவாயிரம் கொடுத்தார். ஐயம் தீர்ந்து கொடுத்ததன்று. தங்கை மகனிடம் இல்லையென்று சொல்ல நா எழாமற் கொடுத்தது. நம் குடும்பங்களில் இத்தகைய திட்டங்கள் வேரூன்றுவதற்கு ஆசையைக் காட்டிலும் தாட்சணியமே பெருங்காரணம். அதை அறிந்தே அவற்றை நடத்துவோர் முதலில் உறவினர் பட்டியலை எழுதச் சொல்கின்றனர்.

சில மாதங்கள் திரையில் எண் வளர்ந்தது. மூவாயிரம் நாலாயிரத்து முந்நூறாயிற்று. அவ்வாண்டு தீபாவளிக்கு முன் ஐந்நூறு வெள்ளி எடுக்க முயன்றபோது, ‘பராமரிப்புப் பணி’ என்றது செயலி. பின்பு, எடுப்பதற்கு முன் வரி கட்ட வேண்டும் என்றது. பின்பு செயலியே திறக்கவில்லை. மருமகனுக்கு மேலிருந்தவர் தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டார். அவருக்கும் மேலிருந்தவர் யார் என்பதை எவரும் கண்டதேயில்லை.

மருமகன் தம் பத்தாயிரத்தை இழந்தார். அதனினும் கொடிதாக, பதினொருவரைச் சேர்த்திருந்தார்: உடன் உழைத்தவர், மனைவியின் தமக்கை, புந்தோங்கில் கடலை வறுக்கும் ஒருவர். காவல் நிலையத்தில் புகார் எழுதினார்; தாமும் புகாருக்குரியவரே என்பதை அங்கே எழுதும்போதுதான் உணர்ந்தார். தரகனில்லாப் பணம் என்று வீடுவீடாகச் சென்று உரைத்தவர், அதில் முகம் தெரிந்த ஒரே தரகராகத் தாமே எஞ்சினார்.

இத்தகைய நாணயங்களுக்கு எதிர்காலம் உண்டா என்று கேட்போருக்கு உண்டு என்றே சொல்ல வேண்டும். கடல்கடந்து உழைப்பவர் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் இடையர் கழிக்கும் தொகை குறையுமாயின் அது சிறு நன்மையன்று. ஆனால் அந்த எதிர்காலம் மூவாயிரம் வெள்ளி போட்ட சிலிபின் முதியவரின் பேத்திக்கு உரியதா என்பது வேறு கேள்வி. பேத்தி ஓராண்டு படிப்பைத் தள்ளிவைத்து, ஈப்போவில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சென்றாள்.

2023ஆம் ஆண்டு ஜனவரி ஐந்தாம் நாள் மாலை, மருமகன் அதே தாழ்வாரத்துக்கு வந்தார். கையில் ஐம்பது வெள்ளித் தாள் ஒன்று. ஆலையில் கூடுதல் பணி ஏற்றிருப்பதாகவும், பதினொருவருக்கும் மாமனுக்கும் மாதந்தோறும் சிறிது சிறிதாகக் கொடுத்துவிடுவதாகவும் தரையைப் பார்த்தபடி சொன்னார். கணக்கிட்டால் அறுபது மாதம் ஆகும். முதியவர் மறுக்கவுமில்லை, ஆறுதல் கூறவுமில்லை. உள்ளே சென்று, மனைவியின் பழைய கூட்டு நோட்டை எடுத்து வந்தார். வெற்றுப் பக்கமொன்றைத் திருப்பி, நாளையும் தொகையையும் எழுதினார். பிறகு பேனாவை நீட்டினார்.

“நீயும் ஒரு கையெழுத்துப் போடு, மாப்பிள்ளை.”