தம்பி தேர்தலில் நின்றான்

எல்லோரும் சாரலுக்காக ஏங்கிக் குற்றாலத்துக்கு வருவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் சாரல் தொடங்கினாலே தைலமும் உப்பு ஒத்தடமும்தான். என் தம்பி ராணுவத்தில் இருந்தவன். எல்லையில் குண்டுச் சிதறல் பாய்ந்த கால், ஈரக்காற்று பட்டாலே குத்த ஆரம்பித்துவிடும். கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது.

அப்படிப்பட்டவன் 2021 செப்டம்பரில் ஒருநாள், "அக்கா, பஞ்சாயத்துத் தேர்தல்ல வார்டு மெம்பருக்கு நிக்கப் போறேன்" என்றான். எங்களுடையது தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். எனக்குப் பகீரென்றது.

"ஏலே, நாட்டுக்காகப் பட்டது போதாதா? ஊர்ப் பேச்சு வேற வாங்கிக் கட்டிக்கணுமா?" என்று கத்திவிட்டேன்.

"கால்தானக்கா போச்சு, வாய் இருக்குல்ல!" என்று சிரித்தான். இரண்டு நாள் நான் அவனோடு பேசவேயில்லை.

அந்தச் சமயத்தில்தான், மகளின் பேச்சுப் போட்டிக்காகக் கேப்டன் லட்சுமியைப் பற்றிக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். 1914-ல் சென்னையில் பிறந்தவர், 1938-ல் டாக்டரானவர். பிரசவம் பார்த்துக்கொண்டு சிங்கப்பூரில் நிம்மதியாக இருந்திருக்கலாம். 1943-ல் நேதாஜி அழைத்ததும் ஜான்சி ராணி படைக்குத் தலைமை ஏற்றார். மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் எத்தனையோ பேர் அந்தப் படையில் இருந்தார்களாம்! 1945-ல் பர்மாவில் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டார்.

அதற்குப் பிறகாவது ஓய்ந்தாரா? கல்யாணம் செய்துகொண்டு கான்பூரில் குடியேறி, ஏழைப் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1971-ல் பங்களாதேஷ் அகதிகள் வங்காளத்தில் வந்து குவிந்தபோது, முகாமுக்கே போய் மருந்து கொடுத்தார். அந்தத் துயரத்தைப் பார்த்த பிறகுதான் மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1981-ல் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 2002-ல், 87 வயதில், ஜனாதிபதி தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து நின்றார், தோற்றார். தோற்ற பிறகும் தன் கிளினிக்குக்குப் போய் நோயாளிகளைப் பார்த்தார். 2012-ல் 97 வயதில் கண்மூடியபோது, உடலையும் மருத்துவக் கல்லூரிக்கே கொடுக்கச் சொல்லியிருந்தார்.

பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். பதவிக்காக நிற்கிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பார்த்த துன்பத்தை மறக்க முடியாமல் நிற்கிறவர்களும் உண்டுதானே? தம்பியும் அப்படித்தானோ? அன்று சாயங்காலம் ஒன்றும் பேசாமல் அவன் காலுக்கு ஒத்தடம் வைத்துவிட்டேன். புரிந்துகொண்டான்.

அக்டோபர் 12-ம் தேதி ஓட்டு எண்ணினார்கள். 17 ஓட்டில் தோற்றுப்போனான். அம்மா அழுதாள். ராத்திரி அவன் சாப்பிடவில்லை. மறுநாள் விடிகாலையில் படுக்கையில் ஆளைக் காணோம்! பதறிப்போய்த் தேடினால், தண்ணீர் வராத கீழத்தெருக் குழாயடியில், கைத்தடியை ஊன்றிக்கொண்டு பெண்களிடம் மனு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறான்!

காபியை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். "அடுத்த தடவை நின்னா வீடு வீடா ஓட்டுக் கேட்க நானும் வாரேன்லே" என்றேன்.