180.01 பாகை

திங்கள்

ஒன்பதாம் வகுப்புக்கு இன்று செங்கோட்டு மையம். கரும்பலகையில் ஒரு முக்கோணம் போட்டு, மூன்று குத்துக்கோடுகளையும் இறக்கி முடிப்பதற்குள் பாதி பீரியட் போய்விடும். அந்த முக்கோணமும் பெரும்பாலும் குறுங்கோண முக்கோணமாகவே இருக்கும். அதனால் மையம் என்றால் உள்ளேதான் இருக்கும் என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுகிறது.

லேபில் ஜியோஜீப்ராவைத் திறந்தோம். சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-ல் தொடங்கிய மென்பொருள். பள்ளிகளுக்கு இலவசம் என்பதால் எங்கள் லேப் வரை வந்து சேர்ந்திருக்கிறது. "மேல்கோணத்தை விரிச்சுக்கிட்டே போனா மையம் எங்கே போகும்? நோட்டில் எழுதிட்டுத்தான் மவுஸைத் தொடணும்" என்றேன். பலரும் 'உள்ளேயே இருக்கும்' என்று எழுதினார்கள். கோணம் 90 ஆனதும் புள்ளி அந்த உச்சியிலேயே போய் உட்கார்ந்தது. 91-ல் வெளியே நழுவியது. "டீச்சர், வெளியே போயிடுச்சு!" என்று லேபே கத்தியது. முன்கூட்டி எழுதவைக்காமல் இழுக்க விட்டிருந்தால், வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

செவ்வாய்

மூன்று கோணங்களையும் அளந்து கூட்டச் சொன்னேன். ஒரு மாணவியின் திரையில் 57.53, 48.24, 74.24. கூட்டினால் 180.01. "கம்ப்யூட்டர் தப்பா காட்டுது டீச்சர்." பக்கத்துப் பையன், "நீ கூட்டினதுதான் தப்பு" என்றான். அவள் விடாமல் மறுபடியும் கூட்டிக் காட்டினாள். கூட்டல் சரிதான்.

மூன்று தசம இடங்கள் காட்டும்படி மாற்றினோம்: 57.526, 48.237, 74.237. இப்போது 180. இரண்டு இடத் திருத்தமாக்கியபோது மேலே ஏறிய 0.004, 0.003, 0.003 சேர்ந்துதான் அந்த 0.01. "அப்போ நாலாவது இடத்தில என்ன இருக்கும்? அஞ்சாவதுல?" என்று அவளே கேட்டாள். ஆண்டு முழுக்க நான் காத்திருக்கும் கேள்வி இது. எத்தனை இடம் கூட்டினாலும் திரை தருவது அளவுதான். ஆயிரம் முக்கோணங்களுக்குச் சரியாக வந்தாலும் அது நிறுவல் ஆகாது.

கரும்பலகைக்கு வந்தோம். உச்சி வழியே அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு. ஒன்றுவிட்ட கோணங்கள் இரண்டும் அடிக்கோணங்களுக்குச் சமம். மூன்றும் சேர்ந்தால் நேர்கோணம். யூக்ளிட் முதல் புத்தகத்தின் 32-வது தேற்றத்தில் இணைகோட்டைக் கொண்டு நிறுவியதும் இதைத்தான். பிள்ளைகள் முன்பே மனப்பாடம் செய்த நிறுவல். இன்றுதான் அது அவர்களுக்குத் தேவைப்பட்டது.

வெள்ளி

பாடநூலில் 'இணையச் செயல்பாடு' பகுதியின் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் படம் தயாராக வந்துவிடும். நேரம் மிச்சம்தான். எனக்கு வெற்றுப் பக்கமே பிடிக்கும். சதுரம் வரையச் சொன்னேன். கண்ணளவில் நான்கு புள்ளிகள் வைத்து இணைத்தவர்களின் சதுரம், ஒரு மூலையை இழுத்ததும் கோணிக்கொண்டது. செங்குத்துக்கோடும் வட்டமும் கொண்டு அமைத்தவர்களுடையது, அடிப்பக்கத்தின் முனையை எப்படி இழுத்தாலும், பெரிதாகிச் சுருங்கிச் சுழன்று, சதுரமாகவே நின்றது. கோணிப்போனவர்கள் யாரும் சொல்லாமலே அழித்துவிட்டு மறுபடி தொடங்கினார்கள்.

அடுத்த வாரம் இணைகரம். எதிர்ப்பக்கங்கள் இணை என்பதை மட்டும் வைத்து அமைக்கட்டும். நீளங்களும் சமமாக வருகிறதா என்று இழுத்துப் பார்க்கட்டும். அதன்பின் மவுஸை வைத்துவிட்டு, ஏன் என்று நோட்டில் எழுதட்டும்.