தூணியும் குடுவையும்

வேட்டைக்குச் செல்வோன் கையில் கருவி மட்டும் இருந்தாற் போதாது. வில்லுக்கு அம்பும், துப்பாக்கிக்கு மருந்தும் குண்டும் வேண்டும். அவற்றைச் சுமக்கும் சிறு கலத்தைப் பற்றிப் பேசுவோர் அரியர். ஆயினும், வேட்டுவனின் பட்டறிவு அக்கலத்திலேயே தெளிவாகப் புலப்படுகிறது.

வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழந்துப்பாக்கியை நோக்குக. முதலில் வெடிமருந்தையும், பின்னர்க் குண்டையும் தக்கையையும் குழலினுள் இட்டுக் கோலால் இடிக்க வேண்டும். மருந்து மிகுந்தால் குழல் வெடித்தலும் கூடும்; குறைந்தால் குண்டு இலக்கை எட்டாது. ஆதலின், 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைவீரர், ஒரு முறைக்கு வேண்டிய மருந்தை மட்டும் கொள்ளும் மரக்குடுவைகளைத் தோள்வாரில் தொங்கவிட்டிருந்தனர். பெரும்பாலும் அவை பன்னிரண்டாக இருந்தமையால், 'பன்னிரு திருத்தூதர்' என்னும் பெயர் பிற்காலத்தில் அவற்றுக்கு வழங்கலாயிற்று. மூடி, ஈரத்தையும் நெருப்புப் பொறியையும் தடுத்தது. கலமே அளவையும் காவலும் ஆயிற்று.

இத்தகைய நுண்ணறிவைக் காணக் கடல் கடத்தல் வேண்டா. பத்து காவானுக்குத் தெற்கே விரிந்துள்ள பேராக் மாநிலத்தின் மலைக்காடுகளில் தெமியார், செமாய் என்னும் பூர்வகுடி மக்கள் வாழ்கின்றனர். ஊதுகுழல் அவர்தம் மரபுக் கருவி. மூங்கிலைக் கணுவோடு அறுத்து, மூடியிட்டுத் தூணி செய்வர். அதனுள் மெல்லிய நாணற்குழாய்களை அடுக்கி, குழாய்க்கு ஒன்றாக அம்பைச் செருகுவர். அம்பின் முனையில் பூசப்படுவது ஈப்போ மரத்தின் நச்சுப்பால். அது சுமப்பவன் கையைத் தீண்டாமலும், முனை முறியாமலும் அக்குழாய்கள் காக்கின்றன. ஈப்போ மாநகர் தன் பெயரைப் பெற்றதும் அம்மரத்திடமிருந்தே.

மூங்கில் தூணியை மரத்தால் ஆனது எனலாமா என்று மாணவர் வினவலாம். புறத்தே வைரமுடையவற்றைப் புல்லென்றும், அகத்தே வைரமுடையவற்றை மரமென்றும் தொல்காப்பிய மரபியல் பகுத்துரைக்கிறது. அதன்படி மூங்கில் புல்லே. இன்றைய தாவரவியலும் மூங்கிலைப் புல்லினத்திலேயே சேர்க்கிறது.

காலம் மாறிவிட்டது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், குறிப்பிட்ட சில விலங்குகளைத் தம் உணவுக்காக மட்டும் வேட்டையாடப் பூர்வகுடியினருக்கு இடமளிக்கிறது. எனினும், உரிமை ஏட்டில் இருந்தும் காடு குறையுமாயின், தூணி சுவரில் தொங்கும் அழகுப்பொருளாகவே எஞ்சும். அதைச் செய்யும் கைத்திறனும் அதன் உறுப்புகளுக்குரிய பெயர்களும் உடன் மறையும்.

கரும்பும் ரப்பரும் செம்பனையும் விளைந்த பத்து காவானில் இன்று தொழிற்சாலைகள் ஓங்கி நிற்கின்றன. தீவோடு அதனை இணைக்கும் 24 கிலோமீட்டர் பாலம் 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அங்குத் தமிழ் பயிலும் மாணவனுக்கு 'அம்பறாத்தூணி' அகராதிச் சொல்லாகவே அறிமுகமாகிறது. தெமியார் முதியவரின் இடுப்பில் அச்சொல்லின் பொருள் இன்றும் தொங்குவதை அவன் அறியான். அதனை அவனுக்குச் சுட்டிக்காட்டும் ஆசிரியர் ஒரு சொல்லுக்கு உயிரூட்டுகிறார். அண்டை மக்களின் அறிவை மதிக்கவும் கற்பிக்கிறார். பொருள் மறைந்தபின் சொல்லை மட்டும் காப்பது, மருந்தில்லாக் குடுவையைச் சுமப்பதை ஒக்கும்.