மீட்புப் படை வரும்வரை

அக்டோபர் 6

வேதாரண்யம் பக்கம் ஒரு கடலோரக் கிராமம். தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வு பெற்றபின் இப்படி ஊர் ஊராகப் போய் மீட்புக் குழுக்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. வந்தவர்களில் ஃபைபர் படகுக்காரர்கள் சிலர், உப்பளத் தொழிலாளிகள் சிலர், மகளிர் குழுப் பெண்கள் பாதிக்கு மேல்.

முதல் பாடம் முடிச்சு. கயிற்றை எடுத்ததுமே முன்வரிசைப் பெரியவர் சிரித்துவிட்டார். "சார், இருட்டுல படகு ஆட்டத்துலயே போடுற முடிச்சு இது." பாடத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். உப்பளத்துக்காரர்களை உட்காரவைத்து அருமையாகச் சொல்லிக்கொடுத்தார். நான் சேர்த்தது ஒன்றுதான்: ஆளைக் கட்டி இழுக்கும்போது சுருக்கு இறுகக் கூடாது. இறுகினால் மூச்சு முட்டும், விலா எலும்பும் முறியும்.

அக்டோபர் 7

இன்று முழுக்க கஜா புயல் பேச்சு. 2018 நவம்பர் 16 அதிகாலை, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அது கரையேறியது இந்தப் பகுதியில்தான். "விடிஞ்சதும் என்ன இல்லைன்னு தவிச்சீங்க?" என்று கேட்டேன். சோறு, தண்ணீர் என்பார்கள் என்றிருந்தேன். "வாள் இல்ல சார்" என்றார் ஓர் இளைஞர். தெருவெல்லாம் தென்னையும் மின்கம்பமும் சாய்ந்து கிடக்க, ஆம்புலன்ஸ் எப்படி வரும்? தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது பட்டாலியன் இருப்பது அரக்கோணத்தில், 300 கிலோமீட்டருக்கு அப்பால். புயலுக்கு முன்பே அவர்களை மாவட்டத்துக்கு அனுப்பிவைத்தாலும் ஒவ்வொரு தெருவுக்கும் வர முடியாது. முதல் நாள் பாடு உள்ளூர்க்காரர் பாடுதான்.

அதனால் மதியம் மரம் அறுப்பது. வளைந்து கிடக்கும் மரத்தில் விசை தேங்கியிருக்கும். அறுக்கும்போது துள்ளி ஆளையே அடித்துப் போடும். கம்பி சிக்கிய மரத்தை, மின்வாரிய ஆள் வந்து லைனை நிறுத்தியாயிற்று என்று சொல்லும்வரை தொடக் கூடாது. நடுவில் காற்று சட்டென்று நின்றுபோனால் புயல் ஓய்ந்தது என்று நம்பி வெளியே வரவும் கூடாது. அது புயலின் கண். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று வரும். 1977 புயலைப் பார்த்த பாட்டி ஒருவர், "அதத்தான் நான் சொன்னா எவன் கேக்குறான்" என்று பேரனை முறைத்தார்.

அக்டோபர் 8

முதலுதவி. நெஞ்சை அழுத்துவதற்குப் பெண்கள் முதலில் கூசினார்கள். ஐந்து நிமிடத்தில் கூச்சம் போய்விட்டது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழம். ஆள் மாற்றி ஆள் அழுத்தினால்தான் தாங்கும்.

வெள்ளத்துக்குப் பின் பாம்புதான் பெரிய தொல்லை. கடித்த இடத்தைக் கீறாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே. ஆடாமல் படுக்கவைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோ. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் அங்கே இருப்பது ஒரே மருந்து. பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதில்லை.

மாலையில் குளத்தில் காலி தண்ணீர் கேனை மூடி நெஞ்சோடு அணைத்து மிதந்தார்கள். பெண்கள் கரையேறவே மாட்டேன் என்றார்கள். 2004 சுனாமியில் நீச்சல் தெரியாமல் இறந்துபோனவர்களின் உறவுக்காரர்கள் இவர்கள். நான் எதுவும் சொல்லவில்லை.

அக்டோபர் 9

நான் முக்கியம் என்று நினைப்பது இன்றைய வேலையைத்தான். தரையில் கோலமாவால் ஊர் வரைபடம். படுக்கையில் கிடப்பவர், கர்ப்பிணி, தனியாக வாழும் முதியவர், டயாலிசிஸுக்குப் போகிறவர் என்று வீடு வீடாகப் புள்ளி வைக்கச் சொன்னேன். ஆண்கள் படகையும் டிராக்டரையும் காட்டினார்கள். வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று சொன்னவர்கள் பெண்கள். "அந்த ஆயாவுக்குக் காது கேக்காது. மைக் கட்டி என்ன பண்ண? ஆள்தான் போகணும்." இன்னொருத்தி, "ஆட்ட விட்டுட்டு அவ வரமாட்டா, நீங்க ஆட்டுக்கும் இடம் பாருங்க" என்றாள். ஆட்டுக்கும் இடம் பார்த்தோம். எந்த வீட்டுக்கு யார் போவது என்று பெயர் எழுதியாயிற்று.

அக்டோபர் 10

ஒத்திகை. கூச்சலும் சிரிப்புமாகத்தான் நடந்தது, பரவாயில்லை. காது கேளாத ஆயாவைக் கூட்டிவர மட்டும் யாரும் மறக்கவில்லை.

ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். மத்திய அரசின் ஆப்த மித்ரா திட்டம் 2016இல் 30 மாவட்டங்களில் தொடங்கி, பிறகு ஒரு லட்சம் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி என்ற இலக்குடன் 350 மாவட்டங்களுக்கு விரிந்தது. நல்ல திட்டம். ஆனால் ஒருமுறை பழகியவன் திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுகிறான். அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. வேறொரு ஊரில் குழுவுக்கென்று வந்த மரம் அறுக்கும் மெஷினை எங்கோ ஓர் அலுவலகத்தில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். சாவி வைத்திருந்தவர் விடுப்பில். புயல் விடுப்பு முடியும்வரை காத்திருக்குமா?

உங்கள் ஊராட்சியில் கிராம சபை கூடும்போது இதைக் கேளுங்கள்: மெஷின், பெட்ரோல், கயிறு மூன்றும் ஊருக்குள் யார் வீட்டில் இருக்கின்றன? வீட்டுப் பட்டியலைக் கடைசியாகத் திருத்தியது எப்போது? ஐப்பசி மழைக்கு முன் ஆண்டுக்கு ஒருநாள் ஒத்திகை வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. அதை ரேஷன் கடைச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள்.