யானைக்கு வைத்த கண்

கடந்த மார்கழியில் தண்ணீரூற்றுக்குப் போயிருந்தேன். காலபோக நெல் கதிர் தள்ளி நின்றது. மச்சானுடைய வயல் காட்டோரமாக இருக்கிறது. யானை வந்து போகிறது. எந்த வழியால், எத்தனை மணிக்கு என்பதுதான் தெரியவில்லை. அது தெரிந்தால் இரவு முழுவதும் காவற்கொட்டிலில் கண்விழிக்க வேண்டியதில்லை. மரத்தில் கட்டிவிட்டால், உடற்சூடுள்ள எதுவும் முன்னால் அசையும்போது தானே படமெடுக்கும் கமரா ஒன்றை மருமகன் கனடாவிலிருந்து அனுப்பியிருந்தான்.

“கமரா வந்திட்டுது அத்தான். பற்றரிக்குத்தான் ஒரு வழி சொல்லுங்கோ” என்றார் மச்சான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பற்றரிக்கு வழி தேடுவது வன்னிக்குப் புதிதா? 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் ரோச் பற்றரியும் தடை செய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, டைனமோ தந்த மின்சாரத்தில் பி.பி.சி. தமிழோசை கேட்ட முற்றங்கள் எத்தனை! சுற்றுகிறவர் களைத்தால் செய்தி பாதியில் நின்றுவிடும். செய்தி எழுதிப் பிழைத்த எனக்கு, செய்தி கேட்பதற்கும் உழைப்பு வேண்டும் என்று கற்பித்தது அந்தச் சில்லு.

முதல் வாரம் கடையில் வாங்கிய மலிவான பற்றரிகள் எட்டைப் போட்டிருந்தார்கள். பகலில் மாடும் மயிலும் நன்றாக விழுந்திருந்தன. இரவுப் படங்களோ வெறும் இருட்டு. ஒருநாள் காலை கமராவுக்கு நேர் கீழே யானையின் கால்தடம் கிடந்தது, படம் இல்லை. காரணம் எளிது. இரவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள் எரிய வேண்டும். அவை ஒரே கணத்தில் இழுக்கும் மின்னோட்டத்தைப் பலவீனமான பற்றரி தாங்காது, மின்னழுத்தம் விழுந்துவிடும்.

இருவரும் திண்ணையில் அமர்ந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம். அல்கலைன் பற்றரி பரவாயில்லை. ஆனால் அதன் அழுத்தம் நாளுக்கு நாள் இறங்க, இரவு வெளிச்சமும் மங்கும். லித்தியம் பற்றரி ஏறக்குறைய இறுதிவரை 1.5 வோல்ட்டிலேயே நிற்கும். நீண்ட காலம் உழைக்கும். ஆனால் விலை அதிகம். தீர்ந்தால் எறிய வேண்டியதுதான். சூரியத் தகடு மரநிழலில் பயன்படாது. மார்கழி மூட்டத்தில் வெளியில் வைத்தாலும் ஐயமே. 12 வோல்ட் ஈய அமிலப் பற்றரி மாதக்கணக்கில் தாங்கும். “வயர் தொங்கினால் யானை சும்மா விடுமோ?” என்று மச்சான் கேட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மிஞ்சியது மீள மின்னேற்றும் நிக்கல் பற்றரி. ஒன்று 1.2 வோல்ட், எட்டுச் சேர்ந்தாலும் 9.6தான். சில கமராக்கள் அதைத் தீர்ந்த பற்றரி என்று தவறாக எண்ணும். ஆகவே கையேட்டைப் பார்த்தோம். எங்களுடையது ஏற்கும் வகை. பழைய நிக்கல் பற்றரிகள் சும்மா கிடந்தாலே மின்னேற்றத்தை இழக்கும், வெப்பத்தில் இன்னும் விரைவாக. 2005 முதல் சந்தைக்கு வந்த வகை அப்படியன்று. இரண்டு தொகுதி வாங்கினோம்: ஒன்று மரத்தில், மற்றது வீட்டில் மின்னேற்றத்தில்.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஊரின் பெயரே ஊற்றைச் சொல்கிறது. தீர்ந்த பற்றரிகளை வரப்போரம் எறிந்தால், அவை துருவேறி வெடித்துக் கசிவது இந்த மண்ணுக்குள்தானே? தடைக் காலத்தில் செத்த பற்றரியையும் வெயிலில் காயவைத்து, இன்னும் ஒரு மணி நேரமாவது பாடுமா என்று பார்த்தவர்கள் நாங்கள். தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் எறியப் பழகிவிட்டோம்.

பொங்கலுக்குப் பிறகு, கொழும்பு திரும்பியிருந்த எனக்கு மச்சான் ஒரு படம் அனுப்பினார். நேரம் அதிகாலை 2.40. ஊர் முழுவதும் இடம்பெயர்ந்த பின் பற்றை மூடிய பழைய வண்டிப் பாதையால் ஒரு பெண் யானை வருகிறது. வயிற்றோடு ஒட்டியபடி ஒரு கன்று.

இப்போது மச்சான் இரண்டு மணிக்கு எழுந்து போய், அந்தப் பாதையின் வாயிலில் தீ மூட்டுகிறார். கையில் யானை வெடி இருக்கிறதாம். கன்றைப் பார்த்த பிறகு கொளுத்த மனம் வரவில்லையாம்.